ஒட்சைட்டு மீக்கடத்திகளின் நிலைமாறு வெப்பநிலையை எப்படி உயர்த்தலாம்? மாணவர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். மின்தடைப் பாடம் முடிகிற அன்று மீக்கடத்தி பற்றி அரை மணி நேரம் பேசுவது என் வழக்கம். பரீட்சைக்கு அதில் சில வரிகள் தெரிந்தால் போதும். ஆனாலும் நேரம் முடிந்த பிறகும் பிள்ளைகள் எழும்பாமல் கேள்வி கேட்பது அந்த ஒரு பாடத்தில்தான். வகுப்பில் கேட்டவை, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இப்போது படிக்கிற பழைய மாணவர்கள் கேட்டவை, ஏறாவூரிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மீக்கடத்தி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள் சேர்.

சில பொருள்களைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஒரு குறித்த வெப்பநிலையில் மின்தடை முற்றாக இல்லாமல் போகும். அதோடு உள்ளே இருந்த காந்தப்புலத்தையும் அந்தப் பொருள் வெளியே தள்ளிவிடும். அந்த வெப்பநிலைதான் நிலைமாறு வெப்பநிலை. 1911 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னஸ் மின்தடை இப்படி மறைவதை முதலில் இரசத்தில் கண்டார்: 4.2 கெல்வின், ஏறக்குறைய −269 பாகை செல்சியஸ். சித்திரை வெயிலில் மட்டக்களப்பு 305 கெல்வினில் இருக்கும். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள தூரத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் கீழே வரும் கேள்விகள் எல்லாம்.

இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுமே. அவை எப்படிச் சோடி சேரும்?

1957 இல் பார்டீன், கூப்பர், ஸ்ரீஃபர் மூவரும் கொடுத்த விளக்கம் இது. உலோகத்துக்குள் ஓடும் இலத்திரன் பக்கத்திலுள்ள நேர் அயன்களைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கிறது. அயன்கள் பாரமானவை. இலத்திரன் கடந்து போன பிறகும் அவை உடனே பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அந்த இடத்தில் சற்று நேரம் நேரேற்றம் கூடியிருக்கும். பின்னால் வரும் இன்னோர் இலத்திரனை அது கவருகிறது. முதலாவது இலத்திரன் அதற்குள் தூரப் போய்விட்டதால் தள்ளுகையும் அவ்வளவாக இல்லை. அயன்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட சட்டத்தின், அதாவது சாலகத்தின், அதிர்வு இப்படி இரண்டுக்கும் இடையில் தூது போகிறது. அந்த அதிர்வுத் துணுக்கைப் போனோன் என்கிறோம்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி வசந்தன் கூத்துப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். களரியில் ஒவ்வொருவரும் எதிரில் வருபவரோடு கோலடிக்கிறார்கள். அது சோடி. ஆனால் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் வட்டம் முழுவதும் ஒரே அடியில் கால் வைத்தால்தான் அது ஆட்டம். ஒவ்வொரு சோடியும் திறமாகவே கோலடிக்கலாம். அண்ணாவியாரின் தாளத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்தால் வட்டம் குலைந்துவிடும்.

மீக்கடத்தலுக்கும் இந்த இரண்டும் வேண்டும். சோடி பிரியாமல் இருக்கிற வலுவைச் சோடிப்பிடிப்பு என்றும், எல்லாச் சோடிகளும் ஒரே அலையாக நகர்வதை ஒருதாளம் என்றும் இங்கே சொல்கிறேன். சூடு ஏறும்போது இரண்டில் எது முதலில் குலைகிறதோ, அதுதான் நிலைமாறு வெப்பநிலையைத் தீர்மானிக்கும். வெப்பநிலையை உயர்த்த யார் என்ன வழி சொன்னாலும், அது இந்த இரண்டில் எதை உயர்த்துகிறது என்றே முதலில் கேளுங்கள்.

பழைய உலோகங்களிலேயே போனோன் பிணைப்பைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே?

முயன்றார்கள். இரசத்தின் பாரமான சமதானிகளில் நிலைமாறு வெப்பநிலை சற்றுக் குறைவதை 1950 இலேயே அளந்துவிட்டார்கள். அயனின் திணிவு கணக்கில் வருகிறது என்றால் அதிர்வுக்கும் பங்கு உண்டு. அப்படியானால் இலேசான அணுக்களையும் இறுக்கமான பிணைப்பையும் தேடுவதுதான் வழி. ஆனால் இலத்திரனும் அதிர்வும் அளவுக்கு மீறிப் பிணைந்தால் சாலகமே உருமாறி வேறு கட்டமைப்புக்குப் போய்விடும். அல்லது இலத்திரன் தன்னைச் சுற்றியுள்ள அயன்களையும் இழுத்துக்கொண்டு, சேற்றில் காலை வைத்தவன் மாதிரி, நகர முடியாமல் நிற்கும். மக்மிலன் 1968 இல் தந்த சூத்திரத்தை வைத்துப் பலர் 30, 40 கெல்வினுக்கு மேல் போகாது என்றே நம்பினார்கள். 1973 இல் நையோபியம்–ஜெர்மானியம் சேர்வை 23 கெல்வினை எட்டியது. அதன் பிறகு 13 வருடம் அந்த எண் அசையவில்லை.

ஒட்சைட்டு என்றால் மண்சட்டி, பீங்கான் மாதிரிப் பொருள்தானே. அது எப்படி மின் கடத்தும்?

இந்தச் சந்தேகம் அந்தக் காலத்து ஆய்வாளர்களுக்கும் இருந்தது. 1986 இல் சூரிச்சுக்கு அருகே ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் இலந்தனம், பேரியம், செம்பு கலந்த ஓர் ஒட்சைட்டில் 30 கெல்வினைத் தாண்டிய மீக்கடத்தலின் அறிகுறியைக் கண்டார்கள். அடுத்த வருடமே நோபல் பரிசு கிடைத்தது. 1987 இல் போல் சூ, மாவ்-குவென் வூ ஆகியோரின் குழுக்கள் இற்றியம்–பேரியம்–செம்பு ஒட்சைட்டில் 93 கெல்வினை எட்டின. திரவ நைதரசன் கொதிப்பது 77 கெல்வினில். விலை கூடிய திரவ ஹீலியம் இல்லாமலே மீக்கடத்தலைப் பார்க்கலாம் என்ற நிலை அன்றைக்குத்தான் வந்தது.

அதன் அமைப்பைப் பிட்டுக்குழலை நினைத்துக்கொண்டு பாருங்கள். மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். செம்பும் ஒட்சிசனும் சதுரக் கட்டங்களாக அமைந்த மெல்லிய தளம்தான் மா. இலந்தனம், பேரியம், இரசம் போன்றவை இருக்கும் இடையடுக்குகள் தேங்காய்ப்பூ. மின் ஓடுவது செம்புத் தளத்தில். இடையடுக்கு பெரும்பாலும் கடத்தாது, ஆனால் செம்புத் தளத்திலிருந்து இலத்திரன்களை எடுத்து வெற்றிடங்களை, அதாவது துளைகளை, உண்டாக்குவது அதுதான். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்வதற்கு எங்கள் பக்கத்தில் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று சொல்வோமே, அதே மாதிரி இங்கேயும் ஒன்றில்லாமல் மற்றது நில்லாது.

அப்படியென்றால் இங்கே சோடி சேர்ப்பது எது? போனோனா?

பெரும்பாலான கொள்கையாளர்கள் காந்தத்தின் பக்கம் நிற்கிறார்கள். என் சாய்வும் அந்தப் பக்கம்தான். எல்லோரும் ஒருமனப்பட்டுவிட்டார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துளைகளே இல்லாத தாய்ச் சேர்வையிலிருந்து தொடங்குவோம். அதில் ஒவ்வொரு செம்பு அணுவிலும் சோடியில்லாத ஓர் இலத்திரன் இருக்கும். பாடப்புத்தகப்படி அது நன்றாக மின் கடத்த வேண்டும், ஆனால் கடத்துவதில்லை. ஆசனத்துக்கு ஒருவராக நிறைந்த பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆசனத்தில் இருவர் அமரவே முடியாது என்றால் யாரும் இடம் மாற வழியில்லை. இலத்திரன்களின் தள்ளுகை அவ்வளவு கடுமையானது. நகர முடியாவிட்டாலும் பக்கத்து அணுக்களின் சிறு காந்தங்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, சதுரங்கப் பலகைக் கட்டம் போல, எதிரெதிராக நின்றுவிடுகின்றன. அப்படி நிற்க வைக்கும் சக்தியை வெப்பநிலையாக மாற்றினால் ஏறத்தாழ 1,500 கெல்வின் வரும். சாதாரண உலோகத்தில் போனோன்களின் சக்தி சில நூறு கெல்வின் அளவுதான்.

இனி சில இலத்திரன்களை எடுத்துத் துளைகளை விடுவோம். சதுரத் தளத்தில் ஒவ்வொரு செம்புக்கும் நான்கு அயலவர். ஒரு துளை வந்தால் நான்கு காந்தத் தொடுப்புகள் அறுந்துபோகும். தூரத்தூர இரண்டு துளைகள் இருந்தால் எட்டு அறும். அதே இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் நடுவில் உள்ள தொடுப்பு இரண்டுக்கும் பொது, ஆகவே ஏழுதான் அறும். ஒரு தொடுப்பு இலாபம். கொப்பியில் கட்டம் கீறி எண்ணிப் பாருங்கள். உண்மையில் துளைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதால் கணக்கு இவ்வளவு இலேசில்லை, ஆனால் காந்த ஒழுங்கைக் குழப்பாமல் இருப்பதற்காகவே துளைகள் சேர்ந்து திரியும் என்ற எண்ணத்தின் வேர் இதுதான். 1987 இலேயே பிலிப் அண்டர்சன் இன்னும் துணிச்சலான ஒரு கருத்தை முன்வைத்தார். சோடிகள் தாய்ச் சேர்வையிலேயே, எதிரெதிர் காந்தங்களின் இணைப்பாக, ஏற்கெனவே இருக்கின்றன. துளைகள் வந்ததும் அவற்றுக்கு ஓட இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

காந்தத்தின் பக்கம் சாய எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சோடிகளின் அலை வட்டமாக இல்லை. நான்கு இதழ்ப் பூவைப் போன்றது, பக்கத்துப் பக்கத்து இதழ்களில் குறி நேர், மறை என்று மாறும். 1994 இல் சுவேயும் கேர்ட்லியும் மூன்று படிகத் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு வளையம் செய்து, அதில் வழக்கமான காந்தப்பாய அலகின் சரிபாதி தானாகச் சிக்கியிருப்பதை அளந்து காட்டினார்கள். குறி மாறினால் மட்டுமே அந்தப் பாதி வரும். ஒரே அணுவில் இரு இலத்திரன்கள் சேர முடியாத பொருளுக்கு இந்த நான்கிதழ் வடிவம் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அதில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் வாய்ப்பே பூச்சியம்.

1,500 கெல்வின் வலு இருந்தும் ஏன் 134 கெல்வினில் நிற்கிறது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான் தம்பி. (134 என்பது இரசம் சேர்ந்த செம்பு ஒட்சைட்டு எட்டிய எண், கீழே வரும்.) அம்பாறைப் பக்கமிருந்து ஒரு மாணவர் எழுதிக் கேட்டது. இதற்குப் பதில் எழுதத்தான் நான் இந்தப் பக்கத்தையே தொடங்கினேன்.

துளைகளின் அளவை மாற்றி நிலைமாறு வெப்பநிலையை வரைபில் குறித்தால் கவிழ்த்து வைத்த சட்டி போல ஒரு வளைவு வரும். 100 செம்புக்கு ஏறத்தாழ 5 துளைகள் வந்ததும் மீக்கடத்தல் தொடங்குகிறது, 16 அளவில் உச்சம், 27 அளவில் முடிந்துவிடுகிறது. செம்பு ஒட்சைட்டுகள் பலவற்றில் ஏறக்குறைய இதே வடிவம்தான்.

இடது சரிவில் துளைகள் குறைவு. காந்தம் வலுவாக இருப்பதால் சோடிப்பிடிப்பு நல்ல இறுக்கம். ஆனால் ஆட ஆட்களே குறைவு. பெரிய களரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் சோடிகள் ஒரே தாளத்தைப் பிடிப்பது கஷ்டம். கொஞ்சம் சூடேறியதும் சோடி பிரிவதற்கு முன்பே ஒருதாளம் குலைந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் நிலைமாறு வெப்பநிலை மீப்பாய்மத்தின், அதாவது தடையில்லாமல் ஒன்றாக ஓடும் சோடிகளின், அடர்த்தியோடு சேர்ந்தே ஏறுகிறது என்பதை உவெமுராவின் குழு 1989 இல் மியுவோன் துகள்களை வைத்து அளந்து காட்டியது. அதை ஒருதாளத்தின் தட்டுப்பாடு என்று 1995 இல் எமரியும் கிவெல்சனும் விளக்கினார்கள்.

வலது சரிவில் துளைகள் நிறைய, நகர்வும் தாராளம், ஒருதாளத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடில்லை. ஆனால் துளைகள் கூடக்கூடச் சதுரங்கக் காந்த ஒழுங்கு கரைந்துவிடுகிறது. சோடியைப் பிடித்து வைத்திருந்ததே அதுதான். ஆக, ஒன்றைக் கூட்டும் செயலே மற்றதைக் குறைக்கிறது. உச்சம் என்பது இரண்டும் விட்டுக்கொடுத்துச் சந்திக்கிற இடம். இரண்டையும் ஒரே நேரத்தில் உயர்த்தத் தெரிந்தால் அந்தச் சட்டி உயரும்.

தளங்களை அடுக்கிக்கொண்டு போனால் உயருமா?

ஓரளவுக்கு உயரும். இரசம் சேர்ந்த குடும்பத்தில் ஓரடுக்குக்கு ஒரு செம்புத் தளம் என்றால் ஏறத்தாழ 95 கெல்வின், இரண்டு தளம் என்றால் 127, மூன்று என்றால் 134. சாதாரண அமுக்கத்தில் இந்த 134 நெடுங்காலம் உச்ச எண்ணாக நின்றது. 1993 இல் வந்தது. நான்கு தளம் வைத்தால் மறுபடி இறங்குகிறது.

காரணம் அழகானது. துளைகளைக் கொடுப்பது இடையடுக்கு. அதை ஒட்டியிருக்கும் வெளித்தளங்களுக்குத் துளை நிறையக் கிடைக்கும். நடுத்தளம் தூரத்தில் இருப்பதால் குறைவாகத்தான் கிடைக்கும், அதேநேரம் இடையடுக்கின் அழுக்கும் ஒழுங்கீனமும் அதைத் தொடுவதில்லை. நடுத்தளத்தில் சோடிப்பிடிப்பு வலு, வெளித்தளத்தில் ஒருதாளம் வலு. மூன்று தளத்தில் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. நான்கு, ஐந்து என்று போனால் உள்ளே இருப்பவை துளையில்லாமல் காய்ந்துபோகின்றன. படுவான்கரையில் வாய்க்கால் ஓரத்து வயலுக்குத் தண்ணீர் ஏறும், கடைசி வயலுக்கு ஏறாது, அதே பிரச்சினைதான்.

அமுக்கம் கொடுத்தால்?

அதே இரசச் சேர்வையை 30 கிகாபாஸ்கல் அளவுக்கு, அதாவது வளிமண்டல அமுக்கத்தைப் போல் மூன்று இலட்சம் மடங்கு, நசுக்கியபோது 164 கெல்வின் வந்தது. 1994 இல் வெளிவந்த முடிவு அது. அணுக்கள் நெருங்கும்போது இலத்திரன் ஓர் அணுவிலிருந்து மற்றதற்குத் தாவுவது இலேசாகிறது, காந்தத் தொடுப்பும் வலுக்கிறது, இடையடுக்கிலிருந்து துளைகளும் கூடுதலாக வருகின்றன.

அமுக்கத்தை எடுத்தால் பொதுவாக எல்லாம் பழையபடி. அதனால்தான் பலர் மெல்லிய படலத்துக்குப் போகிறார்கள். சற்றுச் சிறிய கட்டமைப்புள்ள ஒரு படிகத்தின் மேல் படலத்தை வளர்த்தால், கீழே உள்ள படிகம் அதைப் பக்கவாட்டில் ஒடுக்கி நெடுக்கையில் நீளவைக்கும். 1998 இல் லோக்கேயின் குழு இலந்தனம்–ஸ்ட்ரொன்சியம் செம்பு ஒட்சைட்டை இப்படி வளர்த்து 25 கெல்வினை 49 ஆக்கியது. செம்புக்கு நேர் மேலே இருக்கும் ஒட்சிசனின் தூரமும் இதில் மாறுகிறது. அந்த ஒட்சிசன் விலகியிருக்கும் குடும்பங்களில்தான் பொதுவாக உயர்ந்த எண்களைக் காண்கிறோம்.

ஒரு தளத்தில் சோடிப்பிடிப்பு, இன்னொரு தளத்தில் ஒருதாளம் என்று பிரித்து வைத்தால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு, 2002 இல் கிவெல்சன் முன்வைத்த யோசனை தெரியாது. தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிட்டாள்! துளை குறைந்த தளத்தையும் துளை மிகுந்த உலோகத் தளத்தையும் ஒட்டி வையுங்கள் என்பதுதான் அந்த யோசனை. முதல் தளம் இறுக்கமான சோடியைத் தரும், இரண்டாவது அந்தச் சோடிகளைத் தாராளமாக ஓடவிட்டு ஒருதாளத்தைக் காக்கும்.

2008 இல் பொசோவிச்சின் குழு மீக்கடத்தாத காவலிப் படலம் ஒன்றின் மேல் மீக்கடத்தாத உலோகப் படலம் ஒன்றை அணு அடுக்கு அடுக்காக வளர்த்தது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் மீக்கடத்தல் தோன்றியது. ஓசோனில் வைத்துப் பதப்படுத்தியபோது அது 50 கெல்வினையும் தாண்டியது. இங்கே நடந்ததில் பெரும்பங்கு துளைகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கசிந்ததுதான், ஆகவே கிவெல்சனின் யோசனைக்கு முழுச் சான்று என்று இதைச் சொல்ல முடியாது. இருந்தாலும், வேதியியல் தருகிற பொருளை அப்படியே ஏற்காமல் வேலையைத் தளங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்ற வழி திறந்துவிட்டது. எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழி இதுதான்.

போனோனை முற்றாகக் கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. செம்பே இல்லாத, காந்தமும் இல்லாத பேரியம்–பொட்டாசியம்–பிசுமத்து ஒட்சைட்டு 30 கெல்வினில் மீக்கடத்துகிறது. 1988 இல் கண்டார்கள். அங்கே ஒட்சிசனின் அதிர்வுதான் முக்கிய சந்தேக நபர். முல்லரும் ஒட்சிசன் எண்முகி நெளிவதால் வரும் வலுவான பிணைப்பைத் தேடித்தான் செம்பு ஒட்சைட்டுக்குள் வந்தார்.

2012 இல் சீனாவில் இரும்பு செலனைட்டை ஒரே ஓர் அடுக்காக ஸ்ட்ரொன்சியம் டைட்டனேற்று ஒட்சைட்டின் மேல் வளர்த்தார்கள். தனியே இருந்தால் 8 கெல்வின். அந்த ஒட்சைட்டின் மேல் 60 கெல்வினையும் தாண்டிய அடையாளம் தெரிந்தது. கீழிருக்கும் ஒட்சைட்டு இலத்திரன்களைக் கொடுக்கிறது, அதன் அதிர்வும் மேலடுக்குச் சோடிகளுக்குக் கைகொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். காந்தமும் போனோனும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கத் தேவையில்லை. நான்கிதழ் வடிவத்துக்கு உதவும் அதிர்வுகளும் உண்டு, கெடுக்கும் அதிர்வுகளும் உண்டு.

நிக்கல் ஒட்சைட்டு பற்றிச் செய்தி வருகிறதே?

செம்புக்குப் பக்கத்து மூலகம் நிக்கல். 2019 இல் ஸ்டான்ஃபோர்டில் நியோடிமியம்–நிக்கல் ஒட்சைட்டுப் படலம் 9 முதல் 15 கெல்வின் வரையில் மீக்கடத்தியது. 2023 இல் சீனாவில் இரட்டைத் தள இலந்தனம்–நிக்கல் ஒட்சைட்டை 14 கிகாபாஸ்கலுக்கு மேல் அமுக்கி 80 கெல்வின் அளவை எட்டினார்கள். அதில் மேல்தளமும் கீழ்த்தளமும் நடுவிலுள்ள ஒட்சிசன் வழியாக வலுவாகப் பிணைகின்றன. சோடி ஒரே தளத்துக்குள் இல்லாமல் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் அமைகிறது என்று பல கொள்கைகள் சொல்கின்றன. பிறகு, நசுக்காமலே, ஒடுக்கி வளர்த்த படலத்தில் 40 கெல்வின் அளவு கிடைத்தது.

ஒளியடித்தால் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்துமாமே?

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்பால் ஒட்சிசனை ஆட்டியபோது இற்றியச் சேர்வை சில பிக்கோசெக்கன்களுக்கு மீக்கடத்தி போன்ற பதிலைத் தந்தது. அது உண்மையான மீக்கடத்தலா என்ற விவாதம் ஓயவில்லை. அதை வைத்து மின்கம்பி இழுக்க முடியாது.

2023 இல் வந்த எல்கே-99?

ஈயமும் செம்பும் பொசுபேற்றும் சேர்ந்த பொருள். அறை வெப்பநிலை மீக்கடத்தி என்றார்கள். மின்தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த செம்புச் சல்பைட்டு. அது 100 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டிய இடத்தில் கட்டமைப்பை மாற்றுகிறது. தூய படிகம் செய்து பார்த்தபோது அது காவலியாக இருந்தது. மின்தடை விழுந்தது மட்டும் போதாது, காந்தப்புலம் வெளியேற்றப்பட்டதா என்றும் பாருங்கள்.

ஐதரசன் சேர்வைகள் 250 கெல்வினைத் தொட்டுவிட்டனவே, ஒட்சைட்டு எதற்கு?

2019 இல் இலந்தனம் ஐதரைட்டு 250 கெல்வினை எட்டியது உண்மை. ஐதரசன் மிக இலேசு, அதிர்வு வேகம், பழைய போனோன் வழியே அங்கே போதும். ஆனால் 170 கிகாபாஸ்கல் வேண்டும். இரண்டு வைர முனைகளுக்கு நடுவில், தலைமயிரின் தடிப்பை விடச் சிறிய துணுக்கில்தான் அதைச் செய்ய முடியும். ஒட்சைட்டை மேசையில் வைக்கலாம்.

அறை வெப்பநிலை முடியாது என்று ஏதாவது விதி இருக்கிறதா?

அப்படி நிரூபிக்கப்பட்ட பொது விதி எதுவும் இல்லை. தட்டையான, ஒரு தளப் பொருள்களுக்கு ஒரு கடிவாளம் உண்டு. இலத்திரன்களின் பெர்மிச் சக்தியின், அதாவது அவை நிரம்பி நிற்கும் உச்ச மட்டத்துச் சக்தியின், எட்டில் ஒன்றுக்கு மேல் நிலைமாறு வெப்பநிலை போகாது என்று 2019 இல் காட்டினார்கள். அதுவும் ஒருதாளத்தின் எல்லைதான்.

இங்கே, எங்கள் ஊரில், இதைக் கையால் தொட்டுப் பார்க்க முடியுமா சேர்?

முடியும். இற்றியச் சேர்வை செய்ய இற்றியம் ஒட்சைட்டு, பேரியம் காபனேற்று, செம்பு ஒட்சைட்டு மூன்றும் வேண்டும். உலோக அணுக்கள் 1:2:3 என்று வரும்படி நிறுத்து, உரலில் அரைத்து, 930 பாகை செல்சியஸ் அளவில் மணிக்கணக்காகச் சுட வேண்டும். பேரியம் காபனேற்று நஞ்சு. கையுறையும் முகமூடியும் இல்லாமல், மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது.

நான் பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது நாங்கள் சுட்ட முதல் வில்லை பச்சையாக வந்தது. விகிதம் பிசகியதால் வேறொரு சேர்வை உருவாகியிருந்தது. திரும்ப அரைத்து, திரும்பச் சுட்டு, மூன்றாம் தடவை கறுப்பாக வந்தது. பொத்தானை விடச் சற்றுப் பெரிது, தட்டினால் ஓட்டுத் துண்டு போலச் சத்தம். ஆனால் திரவ நைதரசனை ஊற்றி மேலே காந்தத்தை வைத்தால் அது அசையவில்லை. கறுப்பு மட்டும் போதாது என்று அன்றுதான் படித்தோம். பிறகு ஒட்சிசன் ஓடும் குழாய்க்குள் 450 பாகை அளவில் ஓர் இரவு முழுவதும் வைத்து, மெதுவாக ஆறவிட்டோம். வில்லை பார்வைக்கு அதேதான். உள்ளே ஒட்சிசன் ஏறியிருந்தது: ஒரு கூறுக்கு ஆறு ஒட்சிசன் என்றால் காவலி, ஏழை நெருங்கினால் மீக்கடத்தி. ஏறிய ஒவ்வொரு ஒட்சிசனும் செம்புத் தளத்திலிருந்து இலத்திரனை எடுத்துத் துளையைக் கொடுத்திருக்கிறது.

அடுத்த நாள் காலை மறுபடி நைதரசனை ஊற்றினோம். வெள்ளைப் புகை அடங்கியதும் அரிசியளவு காந்தம் வில்லைக்கு மேலே ஒரு நெல்மணி உயரத்தில் நின்றது. விரல் நுனியால் தட்டினேன், சுழன்றுகொண்டே இருந்தது.